கழித்தல் குறி

மாஃபெட்டெங் மாவட்டம், பள்ளி மண்டபம்.
ஐந்து நாள் பயிற்சியில் மூன்றாம் நாள்.
வருகைப் பதிவேட்டில் பதினாறு கையெழுத்து.
ஜெனரேட்டருக்கு இருபது லிட்டர் டீசல்,
ரொட்டிக்கும் தேநீருக்கும் தனித்தனி ரசீது.
திட்ட ஒருங்கிணைப்பாளர் என்பது என் பதவி.
எண்ணுகிறவள் என்று பொருள்.

முதலிரண்டு நாளும் ஆகஸ்ட் காற்றில்
கம்பத்தைத் தோளில் சாய்த்தபடி வயல் வயலாக நடந்தோம்.
பீச் மரங்கள் பூத்திருந்தன, இலை இல்லாமல்.
மூலைக்கு மூலை நின்று
கம்பத்தின் குமிழி நடுவே வரும்வரை மூச்சடக்கி
வானத்திடம் கேட்டு எழுதிக்கொண்டோம்:
முன்னூற்றுப் பன்னிரண்டு புலங்கள்,
இரண்டு சென்டிமீட்டருக்குமேல் பிசகாது.
கழுதை செத்த கற்றாழைதான் தன் வயலின் அத்து என்ற
'மபாதோவுக்கும் ஓர் எண் கிடைத்தது.

எங்கள் நாட்டுக் கட்டம் கொஞ்சம் விசித்திரமானது.
தெற்கே போனால் எண் வளரும்,
மேற்கே போனால் எண் வளரும்.
இருபத்தேழாம் கோட்டுக்குக் கிழக்கே குடியிருக்கும் நாங்கள்
கழித்தல் குறியோடு வாழ்பவர்கள்.
ஆலோசகர் எஸ்கோவுக்கு இது தெரியும்.
அவருடைய மென்பொருளுக்குத் தெரியாது.

சுவரில் வரைபடம் விழுந்தது.
முதலில் ந்தாத்திசிதான் எழுந்தாள்.
"என் வயலின் கடைவாய் இடப்பக்கம் இருக்கிறதே,
கண்ணாடியில் பார்ப்பதுபோல."
கொஞ்சம் அருகே போனாள்.
"ஐயோ, நான் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறேன்."

எல்லோரும்தான் இருந்தோம்.
மொஹோகாரே ஆற்றைத் தாண்டி, வெப்பனர் ஊரையும் தாண்டி,
ஃப்ரீ ஸ்டேட்டின் அகன்ற பண்ணைகள்மேல்
எங்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு சிவப்புத் துண்டுகள்.
யாருடைய நீச்சல் குளத்தின்மேலோ
'மபாதோவின் பட்டாணி.

சிரித்தோம். த்செலிசோ மேசையைத் தட்டிச் சிரித்தான்.
"திருத்தாதீர்கள், அப்படியே அமைச்சகத்துக்கு அனுப்புங்கள்!"
இன்னும் கொஞ்சம் சிரித்தோம்.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கரை போரில் போனது.
நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகிறது.
அதற்குப் பத்திரம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது,
மறுகரைக்கு வேலைக்குப் போகிறவன்
கடவுச்சீட்டில் குத்திக்கொள்ள இன்னொரு முத்திரையும் இருக்கிறது.

எஸ்கோவின் முகம் சிவந்துவிட்டது.
"ஒரு குறிதான். அரை நிமிஷ வேலை" என்று
விசைப்பலகையை இழுத்தார்.
"தேநீர் குடித்துவிட்டுச் செய்யலாமே," என்றாள் ந்தாத்திசி.
அட்டவணைப்படி தேநீருக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது.
நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நாற்காலிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டோம்.
கோப்பையில் ஆவி, ஜெனரேட்டரின் இருமல்.
யாரோ எழுந்து போய்த்
தன் புலத்தின்மேல் விரலை வைத்தார்.
வெளிச்சம் அவர் புறங்கைமேல் விழுந்தது,
வயல் அங்கே ஏறிக்கொண்டது.
எஸ்கோவுக்கு யாரோ காதோடு சொல்லியிருக்க வேண்டும்.
கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தார்.
"எங்கள் பக்கத்திலும் ஒரு ஏரி
அந்தப் பக்கம் இருக்கிறது," என்றார்.
அவர் ஊர் யோயென்சூ. அதற்குமேல் அவர் சொல்லவில்லை,
நாங்கள் கேட்கவுமில்லை.

பதினொன்று நாற்பதுக்குக் குறி போடப்பட்டது.
வயல்கள் வீடு திரும்பின,
ஒவ்வொன்றும் அதனதன் கல்லுக்கு,
கற்றாழை கற்றாழைக்கு.
அறிக்கையில் எழுதினேன்:
"தரவில் குறிப்பிழை. உடனடியாகச் சரிசெய்யப்பட்டது."
உடனடியாக என்பது பொய்.

ஐந்தாம் நாள் மாலை மதிப்பீட்டுப் படிவம்.
கேள்வி நான்கு: பயிற்சியில் மிகவும் பயனுள்ளதாக இருந்த பகுதி எது?
பதினாறு பேரில் ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள்:
மூன்றாம் நாள் தேநீர் இடைவேளை.

தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது.
அடுத்த கட்டப் பயிற்சியில்
சிற்றுண்டிக்குக் கூடுதல் நிதி ஒதுக்கியிருக்கிறார்களாம்.